தாத்தாவின் கடிதங்களில் அப்பாயி சொன்னவை

இரண்டாம் உலகப்போரில் என் தாத்தா சிப்பாய். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து 1940-ல் பெங்களூருக்குப் போய் மதறாஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் சேர்ந்தார். அங்கிருந்து எகிப்து, துனிசியா, இத்தாலி, கிரீஸ். 1946-ல்தான் ஊர் திரும்பினார். அந்த வருடங்களில் அவர் என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு எங்களிடம் இருக்கிறது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சண்டையப் பத்தி என்ன எழுதியிருக்காரு?" என்றுதான்.

சண்டையைப் பற்றி அவர் கிட்டத்தட்ட எதுவுமே எழுதவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, மாடு எப்படி இருக்கிறது, நெல் என்ன விலை விற்கிறது, மணியார்டர் கிடைத்ததா என்றுதான் கடிதம் முழுக்க இருக்கும். இதைச் சொன்னதும் கேட்டவர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. எனக்குப் போகவில்லை. படிக்கப் படிக்க அந்தக் கட்டில் எனக்கு அதிகமாகத் தென்படுகிறவள் அப்பாயி. அவள் எழுதி அனுப்பிய கடிதங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. முகாம் மாறிக்கொண்டே இருக்கிற சிப்பாய் எதைத்தான் சேர்த்து வைக்க முடியும்? ஆனால் தாத்தா எழுதிய பாதி வரிகள் அவள் சொன்னதற்கும் கேட்டதற்கும் எழுதிய பதில்கள். பதில் கையில் இருந்தால் கேள்வியைத் தேடிப் பிடிக்கலாம். அப்படித் தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பழைய டெல்டா இல்லை. மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-ல் வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. இன்றைக்கும் அந்தக் கால்வாய்க்கு எங்கள் பக்கத்தில் புதாறு என்றுதான் பேர். அதற்கு முன்னால் ஏரியையும் மழையையும் நம்பி வரகும் கேழ்வரகும் போட்ட நிலம். தாத்தா பட்டாளத்துக்குப் போகும்போது புதாற்றுப் பாசனத்துக்கு ஆறு வயதுதான். எங்கள் குடும்பத்துக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், அதுவும் கடைமடையில். தலைமடைக்காரன் பாய்ச்சி முடித்த பிறகு வருகிற தண்ணீர்தான் நமக்கு. தாத்தா பட்டாளத்துக்குப் போனதற்கு வேறு பெரிய காரணம் எதையும் யாரும் என்னிடம் சொன்னதில்லை. வயிற்றுப்பாடுதான். அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த சுமார் 25 லட்சம் பேரில் யாரையும் சட்டம் போட்டு இழுத்துப் போகவில்லை என்று புத்தகங்கள் சொல்கின்றன. கடைமடை நிலம் இழுத்துப் போனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பர்ஸில் சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. தென்னாட்டுக்காரர்கள் சண்டைக்கு ஆக மாட்டார்கள் என்று முடிவுகட்டி, மதறாஸ் காலாட்படையை வெள்ளைக்காரர்கள் 1920-களில் கலைத்துவிட்டார்கள். 1942-ல்தான் மதறாஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். நடுவில் கலையாமல் இருந்தது பெங்களூரில் இருந்த சாப்பர்ஸ் படை. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. முள்கம்பி வேலியை உடைக்க உலகம் முழுக்கப் படைகள் பயன்படுத்தும் பெங்களூர் டார்பிடோ 1912-ல் அங்கேதான் உருவானது. மண்வெட்டி பிடித்த கைக்கு அந்தப் படை ஒத்துவந்திருக்க வேண்டும்.

கடிதங்கள் ஆரம்பிப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். "இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் எல்லோருடைய க்ஷேமத்துக்கும் கடிதம் எழுதவும். நிற்க." கொள்ளுத்தாத்தா உயிரோடு இருந்தவரை கடிதம் அவர் பேருக்குத்தான் வரும். அப்பாயிக்குக் கடைசியில் ஒரு வரி: பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். 1942 கோடையில் கொள்ளுத்தாத்தா இறந்துபோனார். அந்தச் செய்தி தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்து, அவருடைய பதில் ஊருக்கு வரும்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. அந்தக் கடிதம் முதல்முறையாக அப்பாயி பேருக்கு வந்தது. அதிலிருந்து கடைசி வரை எல்லாமே அவள் பேருக்குத்தான். தாத்தாவின் அண்ணன் ஒருவர் ஊரில் இருந்தும், அவர் பேருக்கு எழுதாமல் மனைவி பேருக்கு நேராக எழுதினார். அந்தக் காலத்தில், எங்கள் பக்கத்தில், இது சாதாரணமாகச் செய்கிற காரியம் இல்லை.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த கடிதத்தைப் படித்ததும் அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் அந்த அண்ணனின் மகன். எனக்குப் பெரியப்பா முறை. அப்போது ஐந்தாம் வகுப்பு. அவரும், 1938-ல் பிறந்த என் அத்தையும் சொன்னவைதான் இந்தக் கடிதங்களுக்கு எனக்குக் கிடைத்த உரை. பெரியப்பா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "சின்னாத்தா சொல்றத ஒரு வார்த்த மாத்தி எழுதக் கூடாது. எழுதி முடிச்சதும் படிச்சுக் காட்டச் சொல்லும். எங்க மாத்துனோம்னு டக்குனு புடிச்சிரும்." தபாலாபீஸுக்குக் கிளம்பின பையனைக் கூப்பிட்டு இன்னொரு வரி சேர்க்கச் சொன்ன நாட்களும் உண்டாம்.

இந்தப் பக்கம் ஒரு பையன் என்றால் அந்தப் பக்கம் தணிக்கை அதிகாரி. எந்த ஊரில் இருக்கிறேன், எந்தப் பக்கம் போகிறேன் என்று சிப்பாய் எழுதக் கூடாது. முகவரியில் கம்பெனி பேரும் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸும் மட்டும்தான் இருக்கும். எங்கள் கட்டில் ஒரு கடிதத்தில் இரண்டு வரியைக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். தாளின் மறுபக்கத்தில் இருந்த இரண்டு வரியும் அதோடு போய்விட்டன. சில தடவை கடிதத்துக்குப் பதிலாக ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை வந்திருக்கிறது. நான் நலம், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன், கடிதம் கிடைத்தது என்று வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். வேண்டாததைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் அட்டை வந்த நாளில் அடித்த வரிகளைப் பார்த்து அப்பாயி பயந்துபோய், ஒரத்தநாட்டுக்கு நடந்து போய் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுத்தாளாம். அடிக்காமல் விட்டிருந்த வரி, நான் நலம்.

எழுதியவர், தணிக்கைக்காரர், படிக்கிற பையன், திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற சொந்தக்காரர்கள். இத்தனை பேருக்கு நடுவில் புருசன் பெண்டாட்டிக்கு என்ன எழுத முடியும்? ஆசையாக ஒரு வார்த்தை இல்லையே என்று என் தங்கை வருத்தப்பட்டாள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. "ராத்திரியில் லாந்தர் இல்லாமல் வாய்க்காலுக்குப் போகாதே" என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. அது போதும் எனக்கு.

அந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு தெரிகிறது பாருங்கள். கடைமடையில் தண்ணீர் முறை வைத்து வரும். நம் முறை நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் போய் மடையைத் திறக்க வேண்டும். விடிந்து போனால் வேறொருவர் வயலுக்குப் போயிருக்கும். அது ஆம்பளை வேலை என்றுதான் ஊரில் வழக்கம். வீட்டில் ஆம்பளை இல்லை. ஆளை வைத்தால் கூலி, அதோடு அந்த ஆள் யாருக்கு வேண்டியவன் என்ற சந்தேகம். அப்பாயியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதை மறைக்காமல் தாத்தாவுக்கு எழுதவும் சொல்லியிருக்கிறாள். லாந்தர் இல்லாததற்குக் காரணமும் அந்தப் போர்தான். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த மண்ணெண்ணெயும் நின்றுபோனது. கிடைத்த கொஞ்சத்தை அளந்துதான் கொடுத்தார்கள். தாத்தா எங்கோ பாலைவனத்தில் உட்கார்ந்து லாந்தர் எடுத்துப் போகச் சொல்கிறார். லாந்தர் இருக்கிறது, அதில் ஊற்ற எண்ணெய் இல்லை. அடுத்த கடிதத்தில், "எண்ணெய் கிடைக்காதது தெரிந்துகொண்டேன். அப்படியானால் அண்ணன் மகனைத் துணைக்குக் கூட்டிப் போ" என்று எழுதுகிறார். பெரியப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்: "தொணைக்குப் போனேன். வரப்புல படுத்துத் தூங்கிருவேன். சின்னாத்தாதான் எனக்குத் தொண."

இந்தக் கடிதங்களைத் தேதி பார்த்துப் படித்தால் இன்னொன்று விளங்கும். கப்பல் தபால் மாதக்கணக்கில் ஆனது. விமானத்தில் வந்த மெல்லிய மடிப்புத் தாள்கள்கூட வாரக்கணக்கில் ஆயின. ஆனால் சம்பா காத்திருக்காது. ஆடி ஆவணியில் நாற்று விட வேண்டும், புரட்டாசியில் நட வேண்டும், தையில் அறுக்க வேண்டும். "நாற்றங்காலுக்கு மேற்கு வயலை வைத்துக்கொள், கிழக்கில் தண்ணீர் நிற்கும்" என்று அவர் எழுதியது வந்து சேர்ந்தபோது நடவு முடிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன யோசனைகளில் முக்கால்வாசி காரியம் முடிந்த பிறகுதான் வந்தன. அப்படியென்றால் முடிவு எடுத்தவள் யார்? அடுத்தடுத்த கடிதங்களில் அவர் எழுதும் வாக்கியம் மெல்ல மாறுவதைப் பார்க்கலாம். 1942-ல் "செய்யவும்" என்று இருந்தது, 1943-ல் "உனக்குத் தோன்றியபடி செய்யவும்" என்று ஆகிறது. 1944-ல் "என்ன செய்தாய் என்று எழுதவும்" என்று கேட்கிறார்.

மயிலைக் காளை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 கோடையில் அப்பாயி ஜோடியில் ஒரு காளையை விற்றுவிட்டாள். தாத்தாவிடம் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வருவதற்குள் காளை செத்திருக்கும், அதற்குக் காலில் ஏதோ நோவு என்று அத்தை சொல்கிறாள். தாத்தாவின் கடிதம் கோபத்தில் ஆரம்பிக்கிறது. "ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு உழவுக்கு யார் வாசலில் போய் நிற்பாய்?" அதே கடிதத்தின் கடைசியில், "விற்றது விற்றதாகவே இருக்கட்டும். விலை குறைவு என்று மாமன் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." இதிலிருந்து, மாமன் குத்திக்காட்டியதை அவள் எழுதி அனுப்பியிருக்கிறாள் என்று தெரிகிறது. அது அவளுக்கு வலித்திருக்கிறது என்றும் தெரிகிறது. ஆனி ஆடிக்குப் பிறகு வந்த கடிதத்தில் ஒரே வரி: "கூட்டேர் ஏற்பாடு நல்ல யோசனை." ஒற்றைக் காளை வைத்திருந்த இன்னொரு வீட்டோடு சேர்ந்து இரண்டு வீட்டு நிலத்தையும் மாற்றி மாற்றி உழுதிருக்கிறாள். அந்த இன்னொரு வீடு, வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பங்காளி வீடு. அந்தப் பேச்சு எப்படி ஆரம்பித்தது, யார் முதலில் படியேறிப் போனது என்று கேட்டால் அத்தை, "ஆத்தாதான் போச்சு. வேற யாரு போவா?" என்கிறாள்.

நெல் கொள்முதல் பற்றி வருகிற கடிதங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி வராமல் போனதும் மதறாஸ் மாகாணத்தில் சோற்றுக்குத் தட்டுப்பாடு. மலபார் பக்கமும் திருவிதாங்கூரும் தவித்தன. உபரி விளைகிற ஜில்லா என்று சர்க்கார் கண் வைத்தது தஞ்சாவூர் மேல்தான். நெல்லை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு, அதிகாரிகள் வீடு வீடாக வந்து கணக்கெடுத்து அளந்துகொண்டு போவது எல்லாம் ஆரம்பித்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்து அவர்கள் மனநிலையை அறிக்கையாக எழுதுவது தணிக்கைத் துறையின் வேலை. அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஊரில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்களோ என்ற கவலை சிப்பாய்களைத் தின்றது என்பதை அவை பதிந்து வைத்திருக்கின்றன. தாத்தாவின் கடிதமும் அதே கவலைதான். "நெல்லை மறைத்தால் சிப்பாய் வீட்டுக்குக் கேவலம். ஆனால் விதை நெல்லையும் பிள்ளைகள் சாப்பிடும் நெல்லையும் முதலில் குதிரில் போட்டுவிட்டு மீதியைக் காட்டு."

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கடிதம். "அதிகாரியிடம் நீ பேசியது தெரிந்துகொண்டேன். பேசியது சரிதான். இனிமேல் பேசும்போது அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள்." என்ன பேசினாள் என்று கடிதத்தில் இல்லை. அத்தைக்கு அப்போது ஐந்து வயது, ஆனால் அந்தக் காட்சி அப்படியே ஞாபகம் இருக்கிறது. நெல் கொட்டி வைத்திருந்த குதிரைத் திறக்கச் சொன்னவரிடம் அப்பாயி நிலைப்படியை விட்டு நகராமல் நின்று, "இந்தப் புள்ளைங்க அப்பாரு ஒங்க சண்டைக்குத்தான் போயிருக்காரு. அவரு புள்ளைங்க திங்கிற நெல்லையும் அளந்துகிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாளாம். வந்தவர் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் முதல் உலகப்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று வெள்ளைக்காரர்கள் பதித்த சலவைக்கல் இருக்கிறது. இந்த நாட்டில் எத்தனையோ ஊர்களில் அதுபோல் உண்டு. அப்பாயி நின்ற நிலைப்படிக்கு அப்படி ஒரு கல் கிடையாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கடிதம் வந்தால் திண்ணையில் வைத்துப் படிப்பார்கள் என்று சொன்னேன். கேட்க வருகிறவர்களில் எதிர்வீட்டு அம்மா ஒருவர் உண்டு. அவருடைய வீட்டுக்காரர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போவது எங்கள் பக்கத்தில் பட்டுக்கோட்டைக்குப் போகிற மாதிரி பழகிப்போன காரியம். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அத்தோடு அங்கிருந்து கடிதமும் பணமும் அடியோடு நின்றன. தணிக்கை செய்த கடிதம் இல்லை, அச்சடித்த அட்டை இல்லை, இறந்தார் என்ற தந்திகூட இல்லை. 1945 செப்டம்பரில் ஜப்பான்காரர்கள் அங்கே ஆயுதத்தை ஒப்படைக்கும் வரை அந்த அம்மாவுக்கு மூன்றரை வருடம் எதுவும் வரவில்லை.

அவர் ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்து தாத்தாவின் கடிதத்தைக் கேட்பாராம். முடிந்ததும், "மலேயாவப் பத்தி எதுவும் போட்டிருக்கா?" என்று கேட்பாராம். தாத்தா இருந்தது பூமியின் வேறொரு பக்கம். ஆனால் சண்டை என்றால் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிறது என்றுதானே அவர் நினைத்திருப்பார்? அப்பாயி அதை எழுதச் சொல்லியிருக்கிறாள். தாத்தாவின் பதில் இருக்கிறது: "எதிர்வீட்டு அண்ணனைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியவில்லை. மலேயாவிலிருந்து வந்த ஆள் யாராவது அகப்பட்டால் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லவும்." அதற்குப் பிறகு மூன்று கடிதங்களில் அதே வரியை மறக்காமல் எழுதியிருக்கிறார். 1944-ல் ஒரு நாள் அப்பாயி, இனிமேல் கடிதத்தைத் திண்ணையில் படிக்க வேண்டாம், கொல்லைப் பக்கம் வந்து மெதுவாகப் படி என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை என்ற தகவல் 1946-ல் அதே தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் மூலம் தெரிந்தது. அந்தப் பாதையில் செத்த தமிழ்க் கூலிகளுக்கு ஆளுக்கொரு பேர் எழுதிய பட்டியல்கூட முழுசாகக் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம், எதிர்வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தாத்தாவின் கடிதங்களை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் நினைப்பும் வருகிறது.

சரி, தாத்தா போன சண்டைக்கு வருவோம். அவருடைய கம்பெனி நாலாவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த 12-வது ஃபீல்டு கம்பெனி. 1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த டிவிஷன் இத்தாலியில் மோன்டே கசினோ மலையடியில் இருந்தது. மலையுச்சியில் பழைய மடாலயம். பிப்ரவரி 15-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அதைத் தரைமட்டமாக்கின. அதற்குப் பிறகும் மலை பிடிபடவில்லை. பாறையும் சேறும் பனியும் நிறைந்த மலையில் சாப்பர்கள் ராத்திரியில் கண்ணிவெடி எடுத்தார்கள், கழுதை போகும் பாதையை வண்டி போகும் பாதையாக வெட்டினார்கள். பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோவில், மதறாஸ் சாப்பர்ஸின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், கூட வந்தவர்களைக் காப்பாற்றுவதற்காக வெடிக்கப்போகும் கண்ணிமேல் விழுந்து உயிரைக் கொடுத்தார். அவருக்கு இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. தமிழ்நாட்டுக்காரர். அவர் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் வந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த மார்ச்சில் தாத்தா எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. "இங்கே குளிர் ஜாஸ்தி. கம்பளி கொடுத்திருக்கிறார்கள். உப்பளத்தில் உப்பு கிடப்பதுபோல் மலையெல்லாம் பனி. தை அறுப்பில் மாவுக்கு எத்தனை கலம் கண்டது என்று நீ எழுதவில்லையே?" அவ்வளவுதான். வீட்டில் பயப்படுவார்கள் என்று மறைத்தார், தணிக்கைக்குப் பயந்து மறைத்தார் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் கேள்வியைப் பாருங்கள். மாவுக்கு எத்தனை கலம். அந்த மலையடியில் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. ஊரில் நிலம் விளைகிறது, அவள் அறுத்துக் களத்தில் போட்டுவிட்டாள், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கலத்திலும் மரக்காலிலும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த கடிதத்தில், "ஏழு கலம் என்றது சந்தோஷம்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் கட்டில் சந்தோஷம் என்ற சொல் வருகிற இடங்கள் குறைவு.

அந்த வருடம் ஜூலை ஆகஸ்டில் எழுதிய ஒன்றில், "இங்கேயும் மாடு கட்டித்தான் உழுகிறார்கள். மாடு எல்லாம் வெள்ளை. நம் மாட்டைவிட மிகவும் உயரம்" என்று இருக்கிறது. தணிக்கைக்காரர் அதை விட்டுவிட்டார். அந்த மாதங்களில் டிவிஷன் அரெஸ்ஸோ பக்கம் இருந்தது. கியானா பள்ளத்தாக்கின் கியானினா மாடு அந்தப் பிரதேசத்துக்காரர்களின் பெருமை. உலகத்திலேயே பெரிய மாட்டினங்களில் ஒன்று, நல்ல வெள்ளை. ஒரு விவசாயிக்கு எங்கே போனாலும் மாடு கண்ணில் படாமல் இருக்குமா?

எல்லாக் கடிதங்களிலும் வருகிற இன்னொரு கேள்வி, "சேலை எடுத்தாயா?" என்பது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு எழுதி வைத்தால் மாதாமாதம் மணியார்டராக வரும். பட்டாளத்துக்காரர்கள் வீடுகளில் அதற்கு அலாட்மென்ட் என்று பேர். தபால்காரர் எதிரில் அப்பாயி விரல் ரேகை வைத்துப் பணத்தை வாங்கி, எண்ணி, முந்தியில் முடிந்துகொள்வாளாம். அப்போது சில்லறைக்குப் பெரிய பஞ்சம். 1943-ல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தபோது அவற்றைக் கயிற்றில் கோத்து வைத்திருந்ததை அத்தை சொல்வாள். துணிக்கும் கட்டுப்பாடு. ஆனால் அப்பாயி சேலை எடுக்காததற்குத் துணித் தட்டுப்பாடு காரணம் இல்லை. அவள் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

1945-ன் ஆரம்பத்தில் எங்கள் வயலை ஒட்டி மேலப் பக்கம் மூன்று மா விலைக்கு வந்தது. அதை வாங்கினால் மடை நம் கைக்கு வந்துவிடும், தண்ணீருக்கு இன்னொருவர் வரப்பில் நிற்க வேண்டியதில்லை. அப்பாயி அதைத் தாத்தாவுக்கு எழுதினாள். அவர் அப்போது கிரீஸில் இருந்தார். "அவசரம் வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன். அண்ணனிடம் கேட்டுக்கொள்" என்று பதில் எழுதினார். அந்தப் பதில் வருவதற்குள் ஒரத்தநாட்டில் பத்திரம் பதிவாகிவிட்டது. பதிவாகிவிட்டதை அவள் எழுதியனுப்ப, அதற்கு அவர் எழுதியதுதான் அந்தக் கட்டிலேயே நான் அதிகம் படித்த கடிதம். திட்டவில்லை. "பத்திரம் முடிந்தது தெரிந்துகொண்டேன். உன் பேரில் முடித்தது நல்லது. என்னைப் பற்றி எதுவும் நிச்சயம் சொல்ல முடியாமல் இருந்தது. உன் பேரில் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது."

சண்டையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டக்கூடிய வரி இதுதான். நாலைந்து வருடம் மறைத்து வைத்திருந்ததை, அவள் தன் பேரில் நிலம் வாங்கிய பிறகு, ஒரு வாக்கியத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்.

பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கியிருக்கிறேன். இன்னாருடைய மனைவி என்று எழுதி, அவள் பெயர், அவளுடைய இடது கைப் பெருவிரல் ரேகை பதிவான குறிப்பு. முகவரியில் தவிர, கடிதத்துக்குள் தாத்தா ஒரு தடவைகூட எழுதாத அந்தப் பெயர் அதில் மூன்று இடத்தில் வருகிறது. கடிதக் கட்டோடு அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

டெல்டாவில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இதுபோன்ற கடிதங்கள் இருக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தச் சூடும் பிசினும் பழைய தாளைக் கெடுத்துவிடும். இரண்டு பக்கத்தையும் உறையையும் முத்திரை தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு கடிதமும் எழுதின நாளுக்கும் வந்து சேர்ந்த நாளுக்கும் நடுவில் ஊரில் என்ன விவசாய வேலை நடந்திருக்கும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதங்களைச் சின்ன வயதில் படித்துக் காட்டியவர்களோ, திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களோ யாராவது இன்னும் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். என் அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கடிதத்தைச் சத்தமாகப் படித்தால் மட்டும், "அதுக்கு ஆத்தா என்ன எழுதுச்சு தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறாள்.